ஜெர்மனியிலிருந்து வயலின்: 17,862 ரூபாய் வரி கேட்கிறார்கள், கணக்கு சரியா?

வைகைக்கரை (மதுரை) | 2025 அக்டோபர்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்காக ஜெர்மனியில் ஒரு கடையில் இணையம் வழியாக வயலின் வாங்கினேன். விலை 400 யூரோ, அனுப்பும் செலவு 60 யூரோ. அட்டையில் மொத்தம் 460 யூரோ பிடித்தார்கள். பார்சல் சென்னை வந்துவிட்டது. கூரியர்காரர்கள் சுங்கவரி 17,862 ரூபாய் என்றும், அதற்கு மேல் அவர்களுடைய கையாளும் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி என்றும் போட்டுப் பணம் கட்டும் இணைப்பு அனுப்பியிருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் விசாரித்தபோது இசைக்கருவிக்குச் சுமார் 31 சதவீதம் என்றார்கள். 40,000 ரூபாய்ச் சரக்குக்கு 17,862 என்றால் கிட்டத்தட்ட 45 சதவீதம் வருகிறதே? (யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்து எண்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.) கட்டிவிடலாமா, கேள்வி கேட்கலாமா? கேட்பதென்றால் யாரிடம், எப்படிக் கேட்பது? இந்த வாரமே முடிவெடுக்கச் சொல்கிறார்கள்.

---

கிண்டிப்பையன் (சென்னை)

அண்ணே, கட்டிட்டு வாங்கிடுங்க. அவங்ககிட்ட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. அடுத்த தடவை கடைக்காரன்கிட்ட "கிஃப்ட்"னு எழுதி 50 யூரோன்னு போடச் சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

---

துறைமுகத்தெரு (சென்னை)

கிண்டித் தம்பி, அந்த யோசனைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இவருடைய கணக்கு.

வைகைக்கரை சார், நான் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் சுங்கத் தரகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன 31 சதவீதம் சரிதான். துல்லியமாகச் சொன்னால் 30.98. வில்லால் வாசிக்கும் தந்திக்கருவிகளுக்கு ஹெச்எஸ் கோட், அதாவது சுங்கத்தில் சரக்கு வகையைச் சொல்லும் எண், 9202 10. அடிப்படைச் சுங்கவரி 10%, இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18%. நடுவில் சமூக நல சர்சார்ஜ் என்று ஒன்று, அது அடிப்படை வரியில் 10%. சரக்கு மதிப்பில் 10% இல்லை, வரியின் மேல் 10%. 2018 பட்ஜெட்டில் பழைய கல்வி செஸ்ஸுக்குப் பதிலாக வந்தது.

நூறு ரூபாய்ச் சரக்கு என்றால் வரி 10, சர்சார்ஜ் 1, கூட்டினால் 111. இந்த 111 மேல்தான் ஐஜிஎஸ்டி, 19.98. ஆக 30.98. பலர் 10-ஐயும் 18-ஐயும் கூட்டி 28 என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வரிமேல் வரி ஏறுவதால்தான் மீதி மூன்று.

17,862-ஐ 0.3098-ஆல் வகுத்துப் பார்த்தேன். சுமார் 57,655 வருகிறது. அதாவது சதவீதத்தை அவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். உங்கள் 40,000 ரூபாய் வயலினை 57,655 ரூபாய் மதிப்பு என்று வைத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். என் அனுபவத்தில் தனியாள் வாங்கும் பார்சலில் தகராறு வந்தால் பெரும்பாலும் விகிதத்தில் இருக்காது, மதிப்பில்தான் இருக்கும். ஆனால் ஜனங்கள் விகிதத்தைப் பற்றியே மாரடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு தாள் வேண்டும். கூரியர் அனுப்பிய பணம் கேட்கும் பில் போதாது. சுங்கத்தில் அவர்கள் உங்கள் பெயரில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின் (இறக்குமதி விவரத்தாளின்) நகலைக் கேளுங்கள். உங்கள் பெயரில் போன தாள், உங்களுக்குத் தர வேண்டும். இரண்டாவது, பெட்டியோடு வந்த இன்வாய்ஸ். அதில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று மேலிருந்து கீழாக அப்படியே இங்கே எழுதுங்கள்.

---

வைகைக்கரை

நன்றி ஐயா. இன்வாய்ஸ் நகல் மின்னஞ்சலில் இருக்கிறது. முதல் வரியில் வயலின் 476.00. அதன்கீழ் மேர்வெர்ட்ஷ்டொயர் (ஜெர்மன் விற்பனை வரி) 19%, கழிவு 76.00. கடைசியில் நிகரத்தொகை 400.00. அனுப்பும் செலவு இன்வாய்ஸில் இல்லை, ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சலில் மட்டும் 60 யூரோ என்று இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி கேட்டு எழுதியிருக்கிறேன்.

---

துறைமுகத்தெரு

அகப்பட்டது. நகல் வரட்டும், ஆனால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

476 என்பது ஜெர்மனியில் கடைக்குள் போய் வாங்குபவர் கொடுக்கும் விலை, அந்த ஊர் 19% வரியோடு. ஏற்றுமதிக்கு அந்த வரி கிடையாது, அதனால்தான் கழித்து 400 வாங்கினார்கள். நம் சுங்கச் சட்டம் 1962-இன் 14-ஆவது பிரிவு, உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலையைத்தான் மதிப்புக்கு அடிப்படையாகச் சொல்கிறது. நீங்கள் கொடுக்காத 76 யூரோவுக்கு இங்கே வரி போடக்கூடாது. பதிவு செய்தவர் இன்வாய்ஸின் முதல் வரிசையை மட்டும் பார்த்து 476 என்று ஏற்றிவிட்டார்.

அடுத்தது அனுப்பும் செலவு. இந்தியாவில் வரி போடுவது சரக்கு விலைக்கு மட்டும் இல்லை, சரக்கு, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்புக்கு. 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதி. அனுப்பும் செலவு எவ்வளவு என்று தெரியாவிட்டால் சரக்கு விலையில் 20% என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. காப்பீடு தெரியாவிட்டால் 1.125%. உங்கள் இன்வாய்ஸில் இரண்டும் இல்லை, அதனால் இரண்டையும் போட்டுவிட்டார்கள்.

கணக்கு எளிதாக இருக்க யூரோவுக்கு 100 ரூபாய் என்றே வைக்கிறேன்:

அவர்கள் போட்டது: 47,600, அதில் 20% என்று 9,520, காப்பீடு 535.50. கூட்டினால் 57,655.50. வரி 17,862.

போட்டிருக்க வேண்டியது: 40,000, உண்மையான அனுப்பும் செலவு 6,000, காப்பீடு 450. கூட்டினால் 46,450. அடிப்படை வரி 4,645, சர்சார்ஜ் 464.50, இரண்டையும் மதிப்போடு கூட்டி 51,559.50 மேல் ஐஜிஎஸ்டி 9,280.71. மொத்த வரி 14,390.

வித்தியாசம் 3,472 ரூபாய். கேளுங்கள் சார், தாராளமாகக் கேளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அட்டையில் உங்கள் வங்கி பிடித்த யூரோ விலையும் சுங்கம் எடுக்கும் யூரோ விலையும் ஒன்றாக இருக்காது. பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான அன்றைக்கு, சுங்க வாரியம் அறிவித்து நடப்பில் இருக்கும் விலைதான் கணக்கு. வங்கி விலையை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் அந்த இடத்தில் வாதம் நிற்காது.

20% விதிக்கு இன்னொரு முகம் உண்டு, அது நமக்குச் சாதகம். வான்வழி வரும் சரக்குக்கு அனுப்பும் செலவு எவ்வளவுதான் ஆனாலும் சரக்கு விலையில் 20%-க்கு மேல் சேர்க்கக்கூடாது. 2,000 ரூபாய்ச் சாமானை 3,000 ரூபாய் விமானச் செலவில் வரவழைத்தால் மதிப்பில் சேர வேண்டியது 400 மட்டுமே. எங்கள் தறிக்கூடத்துக்கு உதிரிபாகம் வரவழைக்கும்போது இதைச் சுட்டிக்காட்டித் திருத்தியிருக்கிறோம். பார்சலில் கனமாக, மலிவாக எதையாவது வாங்குபவர்கள் இதை மறக்காதீர்கள்.

இணையத்தில் 42.08% என்றும் 77.28% என்றும் சுற்றும் எண்களை நம்ப வேண்டாம். அவை 9804 என்ற தனிப்பயன் இறக்குமதித் தலைப்புக்கான பழைய கணக்கு. முதலாவது அடிப்படை வரி 10%, ஐஜிஎஸ்டி 28% இருந்தபோது வந்தது. இரண்டாவது 35%-ம் 28%-ம். அந்தத் தலைப்புக்கான 35% 2025 பட்ஜெட்டில் போய்விட்டது. ஜிஎஸ்டியின் 28% அடுக்கும், புகையிலை மாதிரிச் சிலவற்றைத் தவிர, 2025 செப்டம்பர் 22-இல் போய்விட்டது. பழைய பதிவைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

---

கிண்டிப்பையன்

சரி, கணக்கு புரியுது. ஆனா கிஃப்ட் விஷயம்? என் நண்பனுக்கு அவங்க அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பினப்ப 5,000 வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னாங்களே?

---

துறைமுகத்தெரு

அது பழைய கதை தம்பி. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வணிக இயக்குநரகம் ஓர் அறிவிப்பு போட்டது. அஞ்சலிலோ கூரியரிலோ "அன்பளிப்பு" என்று வரிவிலக்குக் கேட்டு வரும் சரக்குக்குத் தடை. விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கியோடு சேர்த்து வரும் பரிசுப் பொருளுக்குக்கூடக் கிடையாது. முழு வரி கட்டி எடுத்துக்கொள்வதென்றால் அன்பளிப்பு வரலாம். ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், இணையக் கடைகள் ஆயிரக்கணக்கில் விற்ற சரக்கையெல்லாம் அன்பளிப்பு என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன. அக்கா தம்பிக்கு அனுப்பிய சட்டையும் அதில் சேர்ந்து அடிபட்டது. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வது வேறு விஷயம். அது குற்றம். 111-ஆவது பிரிவில் மதிப்பைத் தவறாகச் சொன்ன சரக்கைப் பறிமுதல் செய்யலாம். மீட்பதென்றால் 125-ஆவது பிரிவில் அபராதத்தொகை, அதற்கு மேல் வரி, தண்டம். சட்டத்தை விடு, வேறொன்று யோசி. 400 யூரோ வயலினை 50 யூரோ என்று எழுதி அனுப்பி, வழியில் கழுத்து உடைந்து வந்தால் காப்பீட்டில் என்ன கேட்பாய்? அதிகாரியும் இணையத்தில் அதே கடைப் பக்கத்தைத் திறந்து விலை பார்ப்பார். இந்தக் குழுவில் இன்னொரு முறை யாரும் இந்த யோசனையைச் சொல்ல வேண்டாம், தயவுசெய்து. வைகைக்கரை சார் கேட்பது நியாயமாகக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று. அதற்குப் பதில் இருக்கிறது.

---

தஞ்சைத்தந்தி (தஞ்சாவூர்)

நான் வயலின் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று சொல்லத்தான் வந்தேன். ஆரம்ப வயலின் இங்கேயே கிடைக்கும். ஐந்தாறு வருடம் வாசித்துக் கமகம் கைக்கு வரத் தொடங்கும் பிள்ளைக்கு அந்த வயலின் போதாது. கீழ்ஸ்தாயியில் நாதம் நிற்காது. நல்ல வயலின், நல்ல வில், நல்ல தந்தி எல்லாமே ஐரோப்பாவிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. நம் நாட்டில் கையால் செய்யும் பாரம்பரிய இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அது மிக நல்ல காரியம், வீணை செய்யும் ஆசாரிகள் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனால் இருநூறு வருடத்துக்கு மேலாகக் கர்நாடக இசையோடு ஒட்டிப்போன வயலின் வெளியிலிருந்து வந்தால் முழு வரி. மாணவர்களுக்காவது ஒரு சலுகை வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கையில் கொண்டு வந்தால்?

---

துறைமுகத்தெரு

நல்ல கேள்வி அம்மா. அது வேறு விதி, 2016-இன் பயண உடைமை விதிகள். 2025 நிலவரப்படி, நேபாளம், பூட்டான், மியான்மர் தவிர மற்ற நாடுகளிலிருந்து வரும் இந்தியருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் 50,000 ரூபாய் வரை வரியில்லை. அதைத் தாண்டிய தொகைக்கு மட்டும் 38.5%, அதாவது 35%-ம் அதன்மேல் சர்சார்ஜும். ஐஜிஎஸ்டி கிடையாது. வைகைக்கரை சார் வாங்கிய அதே வயலினை உறவினர் கையில் கொண்டுவந்து, வேறு வரிக்குரிய பொருள் இல்லை என்றால் வரி பூஜ்யம்.

ஆனால் இரண்டு பேருடைய சலுகையைச் சேர்த்து ஒரே பொருளுக்குக் கேட்க முடியாது. கணவன், மனைவி சேர்ந்து வந்தாலும் 80,000 ரூபாய் வயலினுக்கு ஒருவர் சலுகைதான். மீதி 30,000-க்கு 11,550 வரி. தாண்டும் என்று தெரிந்தால் விமான நிலையத்தில், வரிக்குரிய பொருள் இருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் அவர்களே சொல்லிவிடுவது நல்லது.

---

சிங்கைச்செல்வி (சிங்கப்பூர்)

எங்கள் ஊர் முறையையும் சொல்கிறேன். இங்கே மது, புகையிலை, வாகனம், எரிபொருள் தவிர மற்றவற்றுக்குச் சுங்கவரி இல்லை, ஜிஎஸ்டி மட்டும்தான். 2024 ஜனவரி முதல் 9%. முன்பு விமானத்திலோ அஞ்சலிலோ 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை வரும் பொருளுக்கு அதுவும் இல்லாமல் இருந்தது. 2023-லிருந்து பதிவு செய்த வெளிநாட்டுக் கடைகள் விற்கும்போதே ஜிஎஸ்டியை வாங்கிவிடுகின்றன. அதனால் பார்சல் வாசலுக்கு வரும்போது புதிதாகப் பில் வருவதில்லை, கட்டியது எவ்வளவு என்று ஆர்டரிலேயே தெரியும். இந்தியாவில் வயலின் வாங்குகிற அப்பா ஒருவர் 57,655 எங்கிருந்து வந்தது என்று இத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று படிக்கும்போது கஷ்டமாக இருந்தது.

---

கணக்குப்பிள்ளை

உண்மை. இங்கேயும் சில பெரிய வெளிநாட்டுக் கடைகள் இறக்குமதிக் கட்டணத்தைப் பணம் கட்டும் இடத்திலேயே வாங்கிவிடுகின்றன. அப்படி வாங்கியிருந்தால் ஆர்டரில் எழுதியிருக்கும். அதன் பிறகும் கூரியர் பணம் கேட்டால் அந்த ரசீதைக் காட்டுங்கள், இரண்டு முறை கட்டாதீர்கள்.

விகிதமும் பொருளுக்குப் பொருள் மாறும். மடிக்கணினிக்கு அடிப்படை வரியே இல்லை, ஐஜிஎஸ்டி 18% மட்டும். அஞ்சலிலோ கூரியரிலோ ஒன்று வாங்கத் தனி உரிமமும் வேண்டாம். பொம்மைக்கு அடிப்படை வரி 2020-இல் 20-லிருந்து 60-க்குப் போனது, 2023-இல் 70. ட்ரோனைத் தனியாள் முழுசாக வரவழைக்கவே முடியாது, 2022 பிப்ரவரியிலிருந்து தடை. வாங்கும் முன் ஹெச்எஸ் கோடைக் கடைக்காரரிடம் கேட்டு, சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை

பில் ஆஃப் என்ட்ரி நகல் வந்துவிட்டது. ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது: 476 யூரோ, அனுப்பும் செலவு 20%, காப்பீடு 1.125%. கோட் 9202 10 சரி.

இப்போது என்ன செய்ய? ஒருவர் தொலைபேசியில் "கட்டிவிட்டு, பிறகு ரீஃபண்ட் கேளுங்கள்" என்கிறார்.

---

துறைமுகத்தெரு

கட்டாதீர்கள், இப்போது கட்டாதீர்கள். 27-ஆவது பிரிவில் ஒரு வருடத்துக்குள் ரீஃபண்ட் கேட்கலாம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் 2019 செப்டம்பரில் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மதிப்பீட்டை முதலில் மேல்முறையீட்டிலோ வேறு முறையிலோ மாற்றாமல், நேராக ரீஃபண்ட் விண்ணப்பம் போட முடியாது. ஆக, கட்டிய பிறகு முதலில் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், பிறகுதான் பணம். மூவாயிரத்துச் சொச்சத்துக்கு அந்த நடை நடக்க எத்தனை பேரால் முடியும்?

சரக்கு இன்னும் வெளியே வரவில்லை, அதனால் இப்போதே 149-ஆவது பிரிவில் திருத்தம் கேட்பது சுலபம். கூரியரின் சுங்கப் பிரிவுக்கு ஒரே மின்னஞ்சல். கோபமாக எழுத வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம், எழுத்தில். இப்படி:

"பில் ஆஃப் என்ட்ரி எண் இது. அதில் சரக்கு விலை 476 யூரோ என்று பதிவாகியுள்ளது. இன்வாய்ஸின் நிகரத்தொகை 400 யூரோ. 76 யூரோ ஏற்றுமதிக்காகக் கழிக்கப்பட்ட ஜெர்மன் வரி, நான் அதைக் கட்டவில்லை. அனுப்பும் செலவு உண்மையில் 60 யூரோ. 149-ஆவது பிரிவின்கீழ் திருத்தக் கோருகிறேன்."

கூடவே இன்வாய்ஸ், ஆர்டர் மின்னஞ்சல், அட்டையில் 460 யூரோ பிடித்ததற்கான வங்கிப் பட்டியல். மூன்றும் சரக்கு வருவதற்கு முன் தேதியிட்டவை, அது முக்கியம். ஒருவேளை சரக்கு வெளியே வந்த பிறகு திருத்தம் கேட்க நேர்ந்தாலும், வெளியே வந்த நேரத்தில் இருந்த ஆவணத்தைத்தான் அந்தப் பிரிவு ஏற்கும். பிறகு எழுதி வாங்கிய கடிதம் செல்லாது.

இன்றைக்கே அனுப்புங்கள். தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும்.

---

வைகைக்கரை

அனுப்பிவிட்டேன் ஐயா. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

---

வைகைக்கரை

பதில் வந்தது. சரக்கு விலையை 400 யூரோ என்று திருத்திவிட்டார்கள். அனுப்பும் செலவை மட்டும் ஏற்கவில்லை. இன்வாய்ஸில் இல்லாததால் 20%-தான் என்கிறார்கள். புது மதிப்பு 40,000, 8,000, 450, ஆக 48,450. வரி 15,010. (யூரோ விலையை இங்கேயும் 100 என்றே மாற்றி எழுதியிருக்கிறேன்.) மீதியையும் விடாமல் கேட்கலாமா?

---

துறைமுகத்தெரு

2,852 ரூபாய் குறைந்திருக்கிறது, நல்லது. மீதி 2,000 ரூபாய் அனுப்பும் செலவில், வரியாக 620 ரூபாய். நியாயம் உங்கள் பக்கம்தான், ஆர்டர் மின்னஞ்சலே போதுமான சான்று. அதிகாரியிடம் காரணம் எழுதிய ஆணை கேட்கலாம், 60 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் வயலின் கிடங்கில் ஈரத்திலும் சூட்டிலும் கிடக்கிறது. நானாக இருந்தால் கட்டி எடுத்துக்கொண்டு போவேன்.

கூரியரின் கையாளும் கட்டணம் வரியில் சதவீதமாக இருந்தால், குறைந்த வரிக்கு ஏற்ப அதையும் குறைத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது பெரும்பாலும் பழைய எண்ணிலேயே நின்றுவிடும்.

---

வைகைக்கரை

பார்த்தேன், பழைய எண்தான் இருந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். கட்டிவிட்டேன், நாளை வருகிறது. ஐயாவுக்கும் எல்லோருக்கும் மிகுந்த நன்றி.

---

தஞ்சைத்தந்தி

மிகுந்த சந்தோஷம். பெட்டி வந்ததும் உடனே தந்தியை ஏற்றிச் சுதி சேர்க்க வேண்டாம் சார், ஒரு நாள் அறையிலேயே திறந்து வையுங்கள், மரம் நம் வெப்பத்துக்குப் பழகட்டும்.

ஐயா, என் மாணவர்கள் எட்டுப் பேருக்கு ஆஸ்திரியாவிலிருந்து தந்தி வரவழைக்க வேண்டும். ஒரே பார்சலாகப் போட்டால் நல்லதா, தனித்தனியாகவா?

---

துறைமுகத்தெரு

ஒரே பார்சல் அம்மா. எட்டாகப் பிரித்தாலும் வரி சதவீதம் மாறாது, கையாளும் கட்டணம்தான் எட்டு முறை வரும். எட்டு செட் என்றால் விற்பனைக்கா என்று கேட்பார்கள், மாணவர்களுக்கு என்று ஒரு கடிதம் தயாராக வையுங்கள். உங்கள் பள்ளிக்கு ஜிஎஸ்டி எண் இருந்து, பள்ளிக் கணக்கில் வாங்குவதானால் இறக்குமதியாளர் குறியீட்டு எண் எடுத்து, பில் ஆஃப் என்ட்ரியில் ஜிஎஸ்டி எண்ணையும் ஏற்றச் சொல்லுங்கள். ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது பள்ளி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, தகுதி உண்டா என்று உங்கள் ஆடிட்டர் பார்த்துச் சொல்வார். அடிப்படை வரியும் சர்சார்ஜும் திரும்பாது. கடைக்காரரிடம் இன்வாய்ஸ் கேட்கும்போதே மூன்று விவரத்தைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: வரி நீக்கிய விலை, அனுப்பும் செலவு, காப்பீடு.